முதலில் கையில் கொடுங்கள், கதையை அப்புறம் சொல்லலாம்

"பல்பைக் கண்டுபிடித்தது யார்?" என்று எங்கள் தெருப் பிள்ளைகளிடம் கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் "எடிசன்" என்பார்கள். போன் என்றால் கிரகாம் பெல், விமானம் என்றால் ரைட் சகோதரர்கள். எல்லாம் மனப்பாடம். சரி, பல்புக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் சத்தமே இருக்காது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இப்போது வீடுகளில் எரிவதெல்லாம் எல்.இ.டி. பழைய குண்டு பல்பைக் கழற்றி, காதருகே உலுக்கி, இழை அறுந்துவிட்டதா என்று பார்த்தது நம் தலைமுறையோடு போயிற்று.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பிள்ளைகள் கூடுவது 2019-க்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கியது. முதலில் என் மகளும் அவள் தோழிகளும். அப்புறம் பக்கத்துத் தெருவிலிருந்தும் வர ஆரம்பித்தார்கள். நான் அறிவியல் ஆசிரியை இல்லை. கணக்கு எழுதுகிற வேலை. அதனால் எனக்குத் தெரியாததை அவர்களோடு சேர்ந்துதான் செய்து பார்க்க வேண்டியிருந்தது. இத்தனை நாளில் எனக்கு உறுதியாகப் பட்ட விஷயம் ஒன்றுதான். விஞ்ஞானியின் கதையை முதலில் சொல்லிவிட்டுச் சோதனைக்குப் போனால், பிள்ளைகள் கதையைக் கேட்டுக் கை தட்டுவார்கள், சோதனை சடங்காகிவிடும். அதே கதையைச் செய்து முடித்த பிறகு சொன்னால் கேள்வி மேல் கேள்வி கேட்பார்கள். ஏனென்றால் அந்த ஆள் எங்கே முட்டிக்கொண்டு நின்றாரோ, அதே இடத்தில் இவர்களும் சற்று முன்னால் நின்றிருப்பார்கள்.

மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய சைஸ் டார்ச் பேட்டரி ஒன்று, ஊக்கு இரண்டு, ரப்பர் பேண்டு, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், எனாமல் பூசிய செம்புக் கம்பி கொஞ்சம். கம்பிக்கு எங்கும் அலைய வேண்டாம். எந்த ஊரிலும் மோட்டார் வைண்டிங் கடை இருக்கும், தரையில் துண்டு துண்டாகக் கிடக்கும். "பிள்ளைகளுக்கு" என்று கேட்டால் பெரும்பாலும் காசு வாங்க மாட்டார்கள். கம்பியைப் பேட்டரி மேலேயே பத்துப் பதினைந்து சுற்று சுற்றி உருவி எடுத்து, இரண்டு முனைகளையும் எதிரெதிராக நீட்டிவிட வேண்டும். ஊக்குகளைப் பேட்டரியின் இரு முனையிலும் ரப்பர் பேண்டால் கட்டி, அவற்றின் வளையத்தில் கம்பி முனைகளைத் தாங்க வைத்து, அடியில் காந்தத்தை ஒட்டினால் முடிந்தது.

முடிந்ததா? சுற்றாது. கம்பி மேல் எனாமல் இருக்கும்வரை மின்சாரம் போகாது என்பதைப் பிள்ளைகள் கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பிளேடு, உப்புத்தாள் எதையாவது வைத்து இரண்டு முனையையும் பளபளவென்று சுரண்டுவார்கள். பிளேடு பெரியவர்கள் கையில் இருக்கட்டும், உப்புத்தாளே போதும். இப்போது சுருள் துடிக்கும், இப்படியும் அப்படியும் ஆடும், நின்றுவிடும். "அக்கா, இது ஆடுது, ஆனா சுத்த மாட்டேங்குது" என்று வரிசையாகப் புகார் வரும்.

இங்கே வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டம். விடை என்னவென்றால், ஒரு முனையை முழுதாகவும் மற்ற முனையில் பாதியை மட்டுமேயும், அதாவது கம்பியின் ஒரு பக்கத்தை மட்டும், சுரண்ட வேண்டும். முழுக்கச் சுரண்டினால் முதல் அரைச் சுற்றில் ஒரு பக்கமாகத் தள்ளுகிற காந்த விசை அடுத்த அரைச் சுற்றில் திருப்பித் தள்ளும். பாதி சுரண்டினால் அந்த இரண்டாவது அரையில் மின்சாரம் நின்றுபோகும், சுருள் தன் வேகத்திலேயே மீதியைக் கடந்துவிடும். இதை நான் சொல்லவில்லை. அன்றைக்குக் கூட்டத்திலேயே சோம்பேறித்தனமாகச் சுரண்டிய பையனுடைய மோட்டார்தான் முதலில் சுற்றியது. மற்றவர்கள் அவன் கம்பியைப் பிடுங்கிப் பார்த்துத்தான், அடிப்பக்கத்தில் எனாமல் அப்படியே இருப்பதைக் கவனித்தார்கள்.

அதன் பிறகு மைக்கேல் ஃபாரடேயைப் பற்றிச் சொன்னேன். 1791-இல் பிறந்தவர், கொல்லர் மகன். பதினான்கு வயதில் லண்டனில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்து, பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களையே படித்துப் படித்து அறிவியலுக்குள் வந்தவர். 1812-இல் வேதியியல் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, எடுத்த குறிப்புகளைத் தானே பைண்டு செய்து அவருக்கு அனுப்பினார். அடுத்த வருடம், டேவி இருந்த லண்டன் அறிவியல் நிறுவனமான ராயல் இன்ஸ்டிட்யூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. 1821-இல், மின்சாரம் பாயும் கம்பி ஒன்று காந்தத்தைச் சுற்றி ஓயாமல் சுழலும்படி செய்து காட்டினார்.

"அவரும் கம்பியைச் சுரண்டினாரா?" என்று ஒருத்தி கேட்டாள். கதையை முதலில் சொல்லியிருந்தால் இந்தக் கேள்வி பிறந்திருக்காது. ஃபாரடே சுரண்டவில்லை. கம்பியின் நுனியைப் பாதரசத்தில் தோய்த்துவிட்டார். பாதரசம் உலோகம், ஆனால் திரவம். கம்பி அதில் நகர்ந்துகொண்டே இருக்கலாம், மின்சாரமும் அறுந்துபோகாது. ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றுக்கு எப்படி மின்சாரம் கொடுப்பது என்பதுதான் அவருக்கும் சிக்கல், இவர்களுக்கும் சிக்கல். "உங்க வீட்டு மிக்ஸிக்கும் அதே சிக்கல்தான்" என்றேன். மிக்ஸியில் "கார்பன் போயிடுச்சு" என்று அம்மா சொல்வாரே, அந்தக் கார்பன் கட்டைகள் சுழலும் பாகத்தோடு உரசி உரசி மின்சாரம் கொடுப்பதால்தான் தேய்கின்றன. அன்று மதியம் இரண்டு வீடுகளில் மிக்ஸியைக் கழற்ற முயற்சி நடந்ததாக மறுநாள் தகவல் வந்தது. ஆகவே ஒரு எச்சரிக்கை: வீட்டு கரண்ட்டில் ஓடுகிற எதையும் பிள்ளைகள் தனியாகத் திறக்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பேட்டரி மோட்டாரிலும் சுருள் சுற்றாமல் நின்றால் உடனே எடுத்துவிட வேண்டும், கம்பி கை சுடும் அளவுக்குச் சூடாகும்.

மெழுகுவர்த்திச் சோதனை எல்லாருக்கும் தெரிந்திருக்கும். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் சுடர் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். நான் படித்தபோது சொல்லிக்கொடுத்த காரணம்: காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்துக்குத் தண்ணீர் வருகிறது. இன்றைக்கும் பல இடங்களில் இதைத்தான் சொல்கிறார்கள். பிள்ளைகளும் இதே விடையோடுதான் வந்தார்கள். அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவர்த்திகளை ஏற்றிக் கவிழ்த்துப் பாருங்கள் என்றேன். தண்ணீர் முன்பைவிட நன்றாகவே உயரே ஏறியது.

டம்ளர் அதேதான். உள்ளே இருக்கும் ஆக்சிஜனும் ஏறக்குறைய அதே அளவுதான். பிறகு எப்படிக் கூடுதலாக ஏறும்? இந்த இடத்தில் மாடியில் நடந்த சண்டை இருக்கிறதே, அதற்காகவே இந்தச் சோதனையை எல்லாருக்கும் சிபாரிசு செய்வேன். யாரோ ஒருவன் டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பில் குமிழி வெளியே போனதைப் பார்த்திருந்தான். இன்னொருத்தி, சுடர் எரியும்போது தண்ணீர் அவ்வளவாக ஏறவில்லை, அணைந்த பிறகுதான் சரசரவென்று ஏறியது என்றாள். இந்த இரண்டையும் சேர்த்தால் விடை வந்துவிடும். சுடரின் சூட்டில் காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. வெளியே இருக்கிற காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. மூன்று சுடர் என்றால் சூடு அதிகம், அதனால் ஏற்றமும் அதிகம். ஆக்சிஜனோ முழுதாகத் தீர்வதே இல்லை, அதற்கு முன்பே சுடர் அணைந்துவிடுகிறது. எரிந்த அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வேறு உண்டாகின்றன.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கவலையோடு கேட்டான், "அப்போ பரீட்சையில எதை எழுதறது?" நியாயமான கவலை. புத்தகத்தில் இருப்பதை எழுது, ஆனால் ஒரு நாள் மூன்று மெழுகுவர்த்தியோடு போய் மிஸ்ஸிடம் காட்டு என்றேன். காட்டினானா என்று தெரியாது.

மெழுகுவர்த்தியோடு இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஊதி அணைத்தவுடன் எழும் வெள்ளைப் புகையில், திரியிலிருந்து சற்றுத் தள்ளித் தீக்குச்சியைக் காட்டினால் நெருப்பு புகை வழியே தாவி இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது திரி அல்ல, மெழுகின் ஆவி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. இங்கேயும் ஃபாரடே வந்துவிடுகிறார். ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1825-இல் தொடங்கிய, இளையோருக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் அவர் பலமுறை பேசியிருக்கிறார். 1860-61-இல் அவர் கடைசியாகப் பேசிய வரிசை முழுக்க முழுக்க ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றியதுதான்.

எலுமிச்சம்பழ பேட்டரி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பெரும்பாலான வீடுகளில் ஒரே காரணத்தால் தோற்கிறது. டார்ச் பல்பை இணைப்பார்கள், எரியாது. பழம் கொடுக்கிற மின்னோட்டம் மிகக் குறைவு. சிவப்பு எல்.இ.டி. ஒன்றை இணையுங்கள். அதற்கு இரண்டு வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். ஒரு பழம் ஒரு வோல்ட்டை ஒட்டித்தான் கொடுக்கும், அதனால் மூன்று நான்கு பழங்களைத் தொடராகக் கோர்க்க வேண்டும். துத்தநாகத்துக்கு, ஓட்டுக்கும் தகரத்துக்கும் அடிக்கிற கால்வனைஸ் ஆணி. செம்புக்குத் தடித்த கம்பி. எல்.இ.டி.யின் கால்களை மாற்றிப் போட்டாலும் எரியாது, திருப்பிப் பாருங்கள். மங்கலாகத்தான் எரியும், அறையை இருட்டாக்க வேண்டும். சோதனைக்குப் பின் அந்தப் பழத்தில் ஜூஸ் போடாதீர்கள், உலோகம் கரைந்திருக்கும். உப்பு நீரில் நனைத்த துணியையும் துத்தநாக, வெள்ளித் தகடுகளையும் அடுக்கி 1800-இல் இத்தாலிய விஞ்ஞானி வோல்டா உலகுக்கு அறிவித்த பேட்டரியும் இதே சங்கதிதான்.

பள்ளி அறிவியல் கண்காட்சிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. தெர்மகோல் எரிமலை, தெர்மகோல் மழைநீர் சேகரிப்பு, தெர்மகோல் சூரியக் குடும்பம். பாதி அப்பா செய்தது, மீதி ஸ்டேஷனரி கடையில் வாங்கியது. அந்தப் பணத்தில் சைக்கிள் கடையில் வால்வு டியூப் கொஞ்சம் வாங்கி, தீக்குச்சிகளை அதில் செருகிக் கோர்க்கக் கொடுத்தால் ஒரு வாரத்துக்கு விளையாடுவார்கள். சதுரம் கோர்த்தால் கோணிக்கொள்ளும், முக்கோணம் அசையாது. அப்புறம் ஹை டென்ஷன் டவரைப் பார்த்தால் அது ஏன் முக்கோணம் முக்கோணமாக இருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள். இந்த யோசனை அரவிந்த் குப்தாவுடையது. ஐ.ஐ.டி. கான்பூரில் படித்துவிட்டு லாரி கம்பெனியில் இன்ஜினியராக இருந்தவர், 1978-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் பள்ளிகளில் நடந்துவந்த அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் போய்ச் சேர்ந்தார். 1972-இல் பதினாறு பள்ளிகளோடு தொடங்கிய திட்டம் அது. கிராமத்துச் சந்தையில் கிடைக்கிற பொருளை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் பிறந்தது, தீக்குச்சிகளைக் கோர்க்கும் இந்த ‘தீக்குச்சி மெக்கானோ’ விளையாட்டு.

விலை உயர்ந்த ரோபாட்டிக்ஸ் கிட் ஒன்றை உறவினர் ஒருவர் என் மகளுக்கு வாங்கிக் கொடுத்தார். படத்தில் உள்ளபடி செருகினால் ஓடியது. ஒரு ஒயர் அறுந்ததும் அலமாரிக்குப் போய்விட்டது, ஏனென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. எங்கள் ஊர்ப் பழைய மாங்காய்ப் பூட்டு ஒன்றைப் பட்டறையில் பிரித்து வாங்கி வந்தது அதைவிட அதிக நாள் கையில் இருந்தது. உள்ளே நெம்புகோல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு நெம்புகோலைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு நகரும். சாவியில் ஏன் இத்தனை பல் என்று அதற்குப் பின் யாரும் கேட்கவில்லை.

சோடா மூடியைத் தட்டையாக்கி, இரண்டு ஓட்டை போட்டு, நூல் கோர்த்து இழுத்தால் "ர்ர்ர்" என்று சுற்றுமே, நாம் எல்லாரும் செய்ததுதான். தகர விளிம்பு வெட்டும் என்பதால் நான் பெரிய சட்டைப் பொத்தான் கொடுத்தேன். நன்றாக விளையாடித் தீர்த்த பிறகு, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் என்ற விஞ்ஞானியின் குழுவினர் 2017-இல் இதே பொம்மையைக் காகிதத்தில் செய்து ரத்தத்தைப் பிரிக்கும் கருவியாக மாற்றினார்கள் என்று சொன்னேன். எடை இரண்டு கிராம், செலவு இருபது அமெரிக்க சென்ட். நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை போனது. மின்சாரம் இல்லாத ஊரிலும் ஒன்றரை நிமிடத்தில் ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்துவிடலாம். ஒரு நொடி எல்லாரும் தங்கள் பொத்தானைப் பார்த்தார்கள். அப்புறம் யாருடையது வேகம் என்று போட்டி.

2019 டிசம்பர் 26-ஆம் தேதி வளைய சூரிய கிரகணம் திண்டுக்கல் வழியாகப் போனது எங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். சிக்கல் வீடுகளில்தான். கிரகணத்தில் பிள்ளைகளை வெளியே விடுவதா என்று பாட்டிமார்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நான் வாதாடவில்லை. "யாரும் மேலே பார்க்கப் போவதில்லை, எல்லாரும் தரையைத்தான் பார்க்கப் போகிறோம்" என்றேன். அதற்கு மறுப்பு இல்லை. உண்மையும் அதுதான். கிரகணக் கண்ணாடி இல்லாமல் சூரியனைப் பார்க்கவே கூடாது. எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ் எதுவும் உதவாது. வேப்பமரத்தின் இலை இடுக்குகளில் விழுந்த வெளிச்சம் முதலில் பிறை பிறையாக இருந்தது. ஒன்பதரை வாக்கில் தரை முழுக்க வளையம் வளையமாக ஆனது. ஜல்லிக் கரண்டியைப் பிடித்தால் ஓட்டைக்கு ஒரு வளையம். சாதாரண நாளில் மரத்தடியில் வட்டமாக விழுவதும் இலை இடுக்கின் வடிவம் இல்லை, சூரியனின் உருவம்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. ஆயிரம் வருடத்துக்கு முன் பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம், கிரகணத்தின்போது துளை வழியே விழும் உருவத்தைப் பற்றியே தனியாக ஒரு நூல் எழுதியிருக்கிறார். அதைச் சொன்னபோது, அவர் காலத்தில் ஜல்லிக் கரண்டி உண்டா என்று சின்னவன் ஒருவன் கேட்டான்.

கிரகணம் எப்போதோ வரும். நிழல் இல்லா நாள் தமிழ்நாட்டில் எந்த ஊராக இருந்தாலும் வருடத்துக்கு இரண்டு முறை வரும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10-ஐயும் செப்டம்பர் 1-ஐயும் ஒட்டி, திண்டுக்கல்லில் ஏப்ரல் 17, ஆகஸ்ட் 26 வாக்கில், சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில். உச்சி வேளையில் சரியாக நிமிர்த்தி வைத்த குழாய்க்குப் பக்கவாட்டில் நிழலே விழாது. கடிகாரத்தில் 12 மணிக்குப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். நம் இந்திய நேரம் இன்னும் கிழக்கே, 82.5 டிகிரி தீர்க்கரேகையைக் கணக்காக வைத்தது. திண்டுக்கல்லில் உச்சி வர 12 மணிக்கு மேல் கால் மணி நேரமாவது ஆகும். 11.50-இலிருந்தே குறிக்க ஆரம்பியுங்கள்.

ஏப்ரல் 17 அன்று எங்கள் மாடியில் நிழல் மறைந்த அதே நாள், சென்னையில் இருக்கிற என் தங்கை தன் வீட்டு மாடியில் ஒரு மீட்டர் கழியை நட்டு, அங்கே நிழல் மிகக் குட்டையான நேரத்தில் அளந்து சொன்னாள்: சுமார் 5 செ.மீ. கழி செங்குத்தா என்று தூக்குக்குண்டு வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தேன், அரை செ.மீ. பிசகினாலே கணக்கு பத்து சதவீதம் போய்விடும். வரைந்து கோணம் பார்த்தால் 2.86 டிகிரி. பூமி உருண்டை, அதனால் இரண்டு ஊருக்கும் நடுவே பூமி வளைவதும் இதே அளவுதான். இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக மட்டும் உள்ள தூரம் 300 கி.மீ. பேருந்து ஓடுகிற தூரத்தைப் போட்டுவிடக் கூடாது. 2.86 டிகிரிக்கு 300 என்றால் 360 டிகிரிக்கு எவ்வளவு? ஏழாம் வகுப்புக் கணக்குதான். 37,800 கி.மீ.யை ஒட்டி வந்தது. பூமியின் சுற்றளவு, துருவங்கள் வழியே, 40,000 கி.மீ. அதன் பிறகுதான் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் பற்றிச் சொன்னேன். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், எகிப்தின் தெற்கே சயீன் என்ற ஊரில் கிணற்றின் அடிவரை சூரிய ஒளி விழும் நாளில், வடக்கே அலெக்சாண்டிரியாவில் நிழலின் கோணம் ஒரு முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு என்று அளந்து, இதே கணக்கைப் போட்டவர்.

"அவருக்கு சென்னைல யார் அளந்து சொன்னாங்க?" என்று கேட்டார்கள். யாரும் சொல்லவில்லை. சயீனில் அந்த நாளில் நிழல் விழாது என்பது அவருக்கு முன்பே தெரியும், அலெக்சாண்டிரியாவில் மட்டும் அளந்தால் போதும். அப்படியென்றால் நாமும் தங்கைக்கு போன் செய்யாமலே, திண்டுக்கல்லில் உட்கார்ந்தபடி சென்னையின் நிழலில்லா நாளன்று அளக்கலாமே என்றாள் என் மகள். அளக்கலாம். சூரியன் அன்று நமக்கு வடக்கே இருக்கும், நிழல் தெற்கே விழும். ஏப்ரல் 24-க்குக் கழி தயார்.